ஆறாவது சுரத்துக்குப் பிறகு

எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

பனி இன்னும் கலையாத காலை. ஒரு வீடுகூட இல்லாத தெரு. தார் ரோட்டின் நடுவில், யூனிஃபார்ம் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு எங்கள் கம்பெனி லைன் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக இருபது பேருக்கு மேல் இருக்கும். ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்ததும் அவர்கள் கேமராவை நோக்கி ஓடி வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

பாட்டு ஆரம்பித்தது. ஒருவரும் ஓடவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கையை ஆட்டிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. எல்லா முகமும் ஒன்றாக இடது பக்கம் திரும்பி மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளைப் பனியும் அதற்குள் எரியாத ஒரு தெருவிளக்கும்தான்.

"கட்! கட்!" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஜமால் கத்தினார். "மேல இன்னா ஹெலிகாப்டரா போவுது? ஓடியாங்கன்னா வானத்த பாத்துகினு நிக்கிறீங்க!"

முதலில் சிரித்தது எங்கள் லைன் கன்னியம்மாதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, ரோட்டோரமாக பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏன் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பாட்டின் மெட்டு நான் போட்டது. அந்த நிமிடம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூணுக்குப் பின்னால்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், என் பெயர் தேவசகாயம். ஒரகடம் பக்கத்தில் கார் சீட் செய்கிற கம்பெனி ஒன்றில், சீட்டின் அடியில் போல்ட் முடுக்குகிற வேலை. படிப்பு பத்தாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் மாதா கோயிலில் பேஸ் கிடார் வாசிப்பேன்.

கீபோர்டு வாசிக்கிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். பாடுகிறவர்களை இன்னும் அதிகமாகப் பார்ப்பார்கள். பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் அதை எடுத்தேன். எங்கள் கோயிலில் இடது பக்கம் ஒரு பெரிய தூண் இருக்கிறது. இத்தனை வருடமும் அதற்குப் பின்னால் நின்றுதான் வாசித்திருக்கிறேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டு அடுத்த வாரம் போனபோது, நான் வரவில்லை என்பதையே யாரும் கவனித்திருக்கவில்லை. கீபோர்டு அண்ணன் மட்டும், "போன வாரம் பாட்டு ஏதோ தரையில படாத மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

என்னை அங்கிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தவர் இம்தியாஸ். எங்கள் ஷிஃப்ட் பஸ்ஸின் டிரைவர். குன்றத்தூர்க்காரர். சிக்னலில் பஸ் நின்றால் போதும், ஸ்டியரிங்கிலும் கியர் ராடிலும் தாளம் போட ஆரம்பித்துவிடுவார். நான் எப்போதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருவேன். ஒருநாள் அவர் போட்ட தாளத்துக்கு என் விரல் தொடையில் தன்னால் நடந்திருக்கிறது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணா, நீ பேஸ் வாசிப்பியா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"பொய் சொல்ற. அந்த விரலு பேஸ் விரலு."

அப்படித்தான் 'ஜெனரல் ஷிஃப்ட்' இசைக்குழுவில் நான்காவது ஆளானேன். எங்களில் ஒருவருக்கும் ஜெனரல் ஷிஃப்ட் கிடையாது. காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வாழ்க்கை மீது இருந்த ஆசையில் வைத்த பெயர். டிரம்ஸ் இம்தியாஸ். கிடார் பிரவீன், கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை, என்னைவிடக் குறைவாகப் பேசுகிற ஒரே ஆள். பாடுகிற பெண் ரேவதி. தேனிப் பக்கம். செல்போன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். மெலிந்த உருவம். மைக்கைப் பிடித்துவிட்டால் பெரிய லாரி ஒன்று கியர் மாற்றி மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு குரல் வரும்.

காலி கேன்கள்

நாங்கள் பயிற்சி செய்த இடம் வாலாஜாபாத் போகிற ரோட்டில், இம்தியாஸின் மாமாவுடைய தண்ணீர் கேன் குடோன். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் காலி கேன்கள். நீலம் நீலமாக. மத்தியான வெயில் தகரத்தின் ஓட்டை வழியாக உள்ளே இறங்கும்போது, அத்தனை கேன்களும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு குடோன் முழுக்க நீலமாகிவிடும். நாங்கள் நான்கு பேரும் ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அங்கே இன்னொரு அதிசயம் உண்டு. பேஸ் கிடாரில் சில சுரங்களைத் தொட்டால் காலி கேன்கள் கூடவே முனகும். எல்லாச் சுரத்துக்கும் அல்ல. சிலவற்றுக்கு மட்டும். எது எதற்கு முனகும் என்று தேடிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு.

முதலில் மற்றவர்களின் பாட்டுகளைத்தான் வாசித்தோம். ஒருநாள் ரேவதி மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"தை முடிஞ்சா எனக்குக் கான்ட்ராக்ட் முடியுது. ஊருக்குப் போயிருவேன். அதுக்குள்ள நம்ம பாட்டுன்னு ஒண்ணாச்சும் வேணும்ணே. அடுத்தவுக சட்டையவே எம்புட்டு நாளைக்குப் போட்டுக்கிட்டுத் திரியிறது?"

மூவரும் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. கூட்டமான டீக்கடை எனக்கு ஆகாது. கேன்களோடு தனியாக உட்கார்ந்து, கொஞ்ச நாளாக மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றை வாசித்துப் பார்த்தேன்.

அது எப்போது எனக்குள் வந்தது என்று சொல்லத் தெரியாது. நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். கண்ணாடி அதிர்வது மண்டைக்குள் இறங்கும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வெளியே கம்பெனிகளின் மதில்கள் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். மதிலுக்கு மேல் கொஞ்சம் வெளுத்த வானம். அந்த நேரத்தில் மூன்று சுரம் ஏறி, மூன்று சுரம் இறங்கி, ஆறாவது சுரத்தில் கொஞ்சம் தயங்கும். அதற்குப் பிறகு, வழி தெரிந்த ஆள் இருட்டில் நடக்கிற மாதிரி மெதுவாக எங்கோ போய், சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும். அவ்வளவுதான் மெட்டு.

கேன்கள் நன்றாக முனகின. நான்கைந்து முறை வாசித்திருப்பேன். நிமிர்ந்தால் வாசலில் ரேவதி, கையில் எனக்கான டீயோடு நிற்கிறாள்.

"அண்ணே, இது யாரு பாட்டு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"சும்மான்னு ஒருத்தர் பாட்டு போட்டிருக்காரா? யாரு பாட்டுன்னு கேக்குறேன்."

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. "என்னுதுதாம்மா."

டீ ஆறும்வரை அவள் என்னை விடவில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "இதக் கேட்டா 'நில்லு'ன்னு சொல்லத் தோணுதுண்ணே. ஏன்னு தெரியல. கொஞ்சம் நில்லு. அம்புட்டுத்தான்."

அடுத்த வாரம் வரிகளோடு வந்தாள்.

*கொஞ்சம் நில்லு, கொஞ்சம் நில்லு,*
*கை கழுவிட்டு வாரேன் நில்லு,*
*வானம் இன்னும் வெளுக்கல,*
*வாசம் கையில் போகல...*

இன்று அந்த 'நில்லு'வை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. காரணம் பின்னால் வருகிறது.

குக்கர் விசில்

பாட்டைப் பதிவு செய்தது போரூரில், ஒரு வீட்டின் மாடியில். சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டிய சின்ன அறை. உள்ளே போனால் நம் மூச்சே நமக்குப் பக்கத்து ஆள் மூச்சு மாதிரி கேட்கும். இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் விரல் ஓடாது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வாசித்தேன். பதிவு செய்த தம்பி நல்லவர். ஒன்றும் சொல்லாமல் மைக்கை மட்டும் சுவர் பக்கம் கொண்டுவந்து வைத்தார்.

ரேவதி இரண்டாவது சரணத்தைப் பாடும்போது கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. திரும்பப் பாடச் சொன்னார்கள். எத்தனை முறை பாடியும் அந்த முதல் தடவை மாதிரி வரவில்லை. கடைசியில் அதையே வைத்துக்கொண்டோம். ஹெட்ஃபோனில் கேட்கிறவர்கள் இப்போதும் கவனித்தால், 'வாசம் கையில் போகல' என்கிற இடத்தில் தூரத்தில் ஒரு விசில் கேட்கும். எங்கள் பாட்டில் யாரோ ஒருவருடைய பருப்பு வெந்துகொண்டிருக்கிறது.

கிளம்பும்போது ரேவதி போனில் எழுதிக் காட்டினாள். வீடியோவின் கடைசியில் போடப்போகிற பெயர்கள். *மெட்டு: தேவசகாயம்.*

"வேணாம்மா. குழு பேர் போதும்."

"அதெல்லாம் ஆகாது. ஒங்க மெட்டு, ஒங்க பேரு."

வீட்டுக்கு வந்து என் மனைவி லூர்துவிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "உன் பேரா? முழுப் பேருமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அவள் பங்குச் சாமியாரிடம் பேசியிருக்கிறாள் என்று. பூசை முடிகிற நேரத்தில் சாமியார் மைக்கில், "நம்ம தேவசகாயம் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டிருக்காரு. சீக்கிரம் வெளிவருது. கை தட்டுங்க" என்றார். கோயில் மொத்தமும் திரும்பியது. என்னைப் பார்க்க முடியாமல் அத்தனை பேரும் தூணைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

தூணுக்குப் பின்னால் நான் அழுதேன். இதை இதுவரை லூர்துவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆண்டான்

படப்பிடிப்புக்குத் திரும்பும் முன்னால் எங்கள் லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

லைன் நெடுக, தலைக்கு மேலே ஒரு கயிறு போகும். வேலையில் ஏதாவது தப்பு தெரிந்தால் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்ததும் லைன் நின்றுவிடும். இடது பக்கம் மேலே இருக்கிற போர்டில், எந்த இடத்தில் தப்பு என்று விளக்கு எரியும். கூடவே ஒரு பெட்டி சின்னதாகப் பாட்டு பாடும். எங்கள் லைனுக்கு ஒரு பாட்டு, பக்கத்து லைனுக்கு வேறு பாட்டு. இந்த ஏற்பாட்டுக்கு 'ஆண்டான்' என்று பெயர். ஜப்பான் வார்த்தையாம். பயிற்சியில் அதைச் சொல்லிக் கொடுத்தபோதே கன்னியம்மா, "ஆண்டவன நம்மளால இழுக்க முடியாது. ஆண்டான இழுக்கலாம்" என்று சொல்லி, ஹால் முழுக்கச் சிரித்தது.

கன்னியம்மா மூன்றாவது இடத்தில் சீட் உறைக்கு கிளிப் மாட்டுகிறவள். எங்கள் லைனில் கயிற்றை அதிகம் இழுப்பது அவள்தான். கண் அவ்வளவு கூர்மை. சந்தேகம் என்றாலும் இழுத்துவிடுவாள். பொய்யாக மட்டும் இழுக்கமாட்டாள். அவள் இழுப்பாள், பெட்டி பாடும், எல்லோரும் கையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்போம். சூப்பர்வைசர் சதீஷ் ஓடி வந்து சரி பார்த்துவிட்டுக் கயிற்றை மறுபடி இழுப்பார். பாட்டு பட்டென்று நிற்கும். லைன் ஓடும்.

இதெல்லாம் சில நொடி வேலை. நாங்கள் காதில் ஆரஞ்சு நிற அடைப்பான் மாட்டியிருப்போம். அதற்குள் எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரிதான் வரும். பெட்டியின் பாட்டைக் காது கேட்பதைவிட உடம்பு கேட்கும். சத்தம் வந்தால் கை நிற்கும், கண் மேலே போகும். என்ன பாட்டு என்று யார் யோசித்தார்கள்?

நான் யோசித்ததே இல்லை.

வீடில்லாத தெரு

வீடியோ எடுக்க வந்த ஜமால், இம்தியாஸின் பெரியம்மா மகன். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். அதனால் எங்களையும் அப்படித்தான் நடத்தினார். பிரவீனை "மாப்ள, கொஞ்சம் சிரிங்க" என்பார். ரேவதியை "பொண்ணு, தலைய லேசா குனிங்கோ" என்பார். "நான் எதுக்குக் குனியணும்? இது ராக்குண்ணே!" என்று அவள் கத்துவாள். என்னை மட்டும், "பெரியவரு அப்பிடியே ஓரமா நில்லுங்க" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

எடுத்த இடம் ஒரகடம் தாண்டி ஒரு மனைப்பிரிவு. நுழைவாயில் வளைவு கட்டியிருந்தார்கள். தார் ரோடு போட்டு, தெருவிளக்கு நட்டு, மூலைக்கு மூலை தெருப்பெயரும் எழுதியிருந்தார்கள். வீடு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அந்தக் காலையில் பக்கத்து ஏரியிலிருந்து பனி எழுந்து தெருக்களில் நடந்து வந்தது. ஆளில்லாத ஊரில் பனி குடியேறிக்கொண்டிருந்தது.

ஓடி வருகிற கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் கன்னியம்மா, நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு எங்கள் லைனையே இம்தியாஸின் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சட்டையில் கம்பெனி பெயர் தெரியக்கூடாது என்பதால் எல்லோரும் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தூக்கக் கலக்கத்தில், தையல் வெளியே தெரிய அவர்கள் பனிக்குள் நின்றதைப் பார்க்க, கனவிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தது.

பிறகுதான் ஸ்பீக்கரில் முதல் ஆறு சுரங்கள் வந்தன. எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

"இன்னாண்ணா," என்று கன்னியம்மா கிட்டே வந்தாள். "நம்ம ஆண்டான் பாட்டயே போட்டு வச்சிகிற?"

பின்னாலிருந்து சிரிப்புக் கிளம்பியது. "அதான பாத்தேன், எங்கியோ லைன் நின்னுபோச்சுன்னு!" "எங்கடா சதீஷ காணோம்னு தேடினேன்!" அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்டது. தூணைப் பார்த்துத் தட்டிய அத்தனை கைகளும்.

ரேவதி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவள் கம்பெனி வேறு. பிரவீன் கம்பெனி வேறு. இம்தியாஸ் கேட்டுக்கு உள்ளே பஸ்ஸை விடுவதோடு சரி. ஆண்டான் பாட்டு அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் லைனை நிறுத்துகிற அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ரேவதிக்கு 'நில்லு' என்று தோன்றியிருக்கிறது. நான்தான் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "என் பேர எடுத்துடும்மா" என்றேன்.

"ஏண்ணே?"

"அது பெட்டியோட பாட்டும்மா. நான் தூக்கத்துல கேட்டுட்டு என்னுதுன்னு நெனச்சிகினேன்."

கன்னியம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்து ஏதோ யோசித்தாள்.

"இருண்ணா. மொதல்ல வர்ற டிங் டிங் டீங், டிங் டிங் டோங்... அது ஆண்டான். சரி. அதுக்கு அப்பால வர்றத நான் கேட்டதே இல்லியே."

"சதீஷ் நிறுத்திடுறாரே. எப்படிக் கேப்ப?"

"அதான் சொல்றேன். அப்பால இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? பெட்டில அதுவும் இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

ரேவதி என் பக்கம் திரும்பினாள். "வர்ற ஞாயித்துக்கெழம பாட்ட ஏத்தணும்ணே. அதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க. பெட்டில இருந்தா பேர எடுத்துருவோம். அதுவரைக்கும் இருக்கட்டும்."

இதற்குள் ஜமால் எடுத்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்குள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்று, இல்லாத ஒன்றை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதையே இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு, "யாரும் ஓட வேணாம்பா" என்றார். "இதேமாரி நில்லுங்க. எத்தினி கல்யாணம் எடுத்திருப்பேன், இந்தமாரி ஒரு ஷாட்டு மாட்டினதில்ல."

வெயில் வரும்வரை எடுத்தார்கள். பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. நடிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர்கள் தலை தானாக மேலே போனது. நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு வாசிப்பதுபோல் நின்றேன்.

தப்பே நடக்காத வாரம்

பெட்டியில் என்ன இருக்கிறது என்று மெயின்டனன்ஸ் ஆட்களிடம் கேட்டிருக்கலாம்தான். எதற்குக் கேட்கிறாய் என்பார்களே.

"நீ சும்மா இரு. நான் இழுத்துட்டு சதீஷ கொஞ்ச நேரம் பேச்சுல புடிச்சி வைக்கிறேன்" என்றாள் கன்னியம்மா. "ஆனா பொய்யா இழுக்கமாட்டேன். தப்பு வரட்டும்."

திங்கட்கிழமை தப்பு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வேறு வாரமாக இருந்தால் ஷிஃப்டுக்குப் பலமுறை நிற்கிற லைன், எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. வந்த உறைகள் எல்லாம் அளவெடுத்துத் தைத்தவை. கிளிப் ஒன்றுகூட உடையவில்லை. சதீஷுக்கு மேலிடத்தில் பாராட்டு. அவர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். கன்னியம்மா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தூரத்திலிருந்து என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சீட் நன்றாக வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே வாரம் அதுதான்.

வீட்டில் லூர்து, கோயிலில் யார் யார் பாட்டைப் பற்றி விசாரித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். பஸ்ஸில் கண்ணாடியில் தலை சாய்க்கப் பயமாக இருந்தது. சாய்த்தால் மெட்டு வரும். வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும்.

சனிக்கிழமை, டீ இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். கையில் ஒரு போல்ட்டோடு குனிந்திருந்தேன். லைன் நின்றது.

காதிலிருந்து அடைப்பானை எடுத்தேன்.

*டிங் டிங் டீங். டிங் டிங் டோங்.*

சதீஷ் ஓடி வந்தார். "இன்னாக்கா?"

"இந்தத் தையலப் பாரு சார். பிரிஞ்சிகினு கீது."

"சரி, சீட்ட ஓரங்கட்டு. நான் கயிறு—"

"இரு சார். நல்லா பாரு. இது ஒண்ணுலதானா, முன்னாடி போனதுலயும் கீதான்னு எனக்கு டவுட்டா கீது."

சதீஷ் குனிந்து பார்த்தார். பெட்டி யாராலும் நிறுத்தப்படாமல் பாடிக்கொண்டிருந்தது. ஆறாவது சுரம் வந்தது. லைன் நெடுக ஒருவர் பின் ஒருவராகக் காதிலிருந்து ஆரஞ்சு அடைப்பானை எடுப்பதைப் பார்த்தேன்.

*டிங் டிங் டீங். டிங் டிங் டோங்.*

மறுபடி முதலிலிருந்து. பிறகு மறுபடியும் அதே ஆறு. பெட்டிக்கு அதற்கு மேல் தெரியவில்லை. அத்தனை வருடமும் அது வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது தடவை ஆறாவது சுரம் வந்தபோது, ஐந்தாவது இடத்திலிருந்து யாரோ மெல்ல முனகுவது கேட்டது. பெட்டியோடு திரும்பாமல், அதற்குப் பிறகு வர வேண்டியதை. இன்னொருவர் சேர்ந்தார். பிறகு இன்னொருவர். வீடில்லாத தெருவில் வெயில் வரும்வரை கேட்ட பாட்டு அல்லவா. உதட்டைத் திறக்காமல், மேலே போர்டைப் பார்த்தபடியே முனகினார்கள். காலி கேன்கள் முனகுகிற மாதிரியே இருந்தது.

"இன்னா சத்தம் அது?" என்று சதீஷ் நிமிர்ந்தார். கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். பெட்டி பட்டென்று நின்றது.

முனகல் நிற்கவில்லை. இருட்டில் வழி தெரிந்த ஆள் மாதிரி மெதுவாகப் போய், சுற்றிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நின்றது. அதற்குள் லைன் ஓடத் தொடங்கியிருந்தது. என் முன்னால் வந்த சீட்டுக்கு நான் போல்ட் முடுக்கினேன்.

ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போது கன்னியம்மா முன் படியில் நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "அண்ணா, பேர எடுக்காத. ஆனா இழுத்தது நானு. எம்பேரும் போடச் சொல்லு."

இம்தியாஸ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு வெளிவந்தது. தை முடிந்து ரேவதி ஊருக்குப் போய்விட்டாள். பாட்டு பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. எங்களுக்குத் தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் பார்த்தார்கள். கடைசியில், பனிக்கு மேல் வெள்ளை எழுத்தில் பெயர்கள் வரும்.

*குரல், வரிகள்: ரேவதி*
*கிடார்: பிரவீன்*
*டிரம்ஸ்: இம்தியாஸ்*
*மெட்டு, பேஸ்: தேவசகாயம்*
*கயிறு: கன்னியம்மா*

அது என்ன வாத்தியம் என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இதுவரை யாரும் பதில் போடவில்லை.